என்.சி.சி. 'சி' சான்றிதழ் வழியாக ராணுவ அதிகாரி ஆகலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்

நெல்லை மாணவன்:
பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு தொடங்குகிறது. 'பி' சான்றிதழ் வாங்கிவிட்டேன். இந்த ஆண்டு அதற்கு மேலான 'சி' சான்றிதழும் பெற்று, என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாகச் சென்னை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்) சேர விரும்புகிறேன். பரேடும் முகாமும் போதும், வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார் அப்பா. தொடரலாமா?

முன்னாள் கேப்டன்:
தொடருங்கள், தம்பி. யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. என்னும் ராணுவ நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழி இது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் வேண்டும். இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. என்.சி.சி.யில் இருப்பதாலேயே ராணுவத்தில் சேர வேண்டிய கட்டாயம் கிடையாது. 1948ஆம் ஆண்டு என்.சி.சி. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

சேலத்துத் தந்தை:
ஐயா, சேரும் வழியைச் சொன்னீர்கள். வெளியே வரும்போது என்ன நிலை என்பதைச் சொல்லவில்லையே? இது குறுகிய காலப் பணி. 10 ஆண்டுகள், நீட்டித்தால் இன்னும் 4. நிரந்தரக் கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை அதிகாரியாகத் தொடரும் நியமனம், எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுப் பணி வேண்டும். ஆகவே 36 வயதில், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போது, ஓய்வூதியம் இல்லாமல் மறுபடியும் வேலை தேட வேண்டும். அந்த அப்பாவின் கவலை நியாயமானது.

திருச்சி கேடட்:
36 வயதில் வேலை தேடும் நிலை தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் வருகிறதே, ஐயா. 22 வயதில் ஒரு படைப்பிரிவின் பொறுப்பை வேறு எந்த வேலை கொடுக்கும்? பெண்கள் ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பயிற்சி பெறுகிறார்கள். நிரந்தரக் கமிஷனுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2020இல்தான் தீர்ப்பு வந்தது. அண்மை அறிவிப்புகளில் ஆண்களுக்கு 70 இடங்கள், எங்களுக்கு 6. அந்த ஆறில் ஒன்றுக்காகத்தான் விடியும் முன்பே எழுந்து ஓடுகிறேன். எழுபது இடம் திறந்திருப்பவரை நிறுத்தப் பார்க்கிறீர்களே!

சேலத்துத் தந்தை:
உங்கள் உழைப்பை மதிக்கிறேன், மகளே. ஆனால் பயிற்சியில் அடிபட்டால் என்ன ஆகும் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? ஓ.டி.ஏ.வில் பயிலும் கேடட், பயிற்சி முடியும்வரை அதிகாரி ஆகமாட்டார். முதுகெலும்பு முறிந்து வெளியேற்றப்பட்டால் முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. ஊனத்தின் அளவைப் பொறுத்துக் கருணைத்தொகை மட்டுமே. அப்படி வீடு திரும்பிய பிள்ளைகளின் மருத்துவச் செலவைப் பல ஆண்டுகள் குடும்பங்களே சுமந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்த்தார்கள். நாட்டுக்காக உடலைத் தர வந்த பிள்ளையைக் கவனிக்க நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

முன்னாள் கேப்டன்:
அந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. பயிற்சியில் ஊனமுற்ற கேடட்டை அதிகாரியாகவே நடத்த வேண்டும். அந்த விதி மாறியாக வேண்டும். அதற்காக ஆர்வமுள்ள பிள்ளையை வாசலிலேயே தடுப்பதை என்னால் ஏற்க முடியாது. தம்பி, 'சி' சான்றிதழ் உங்களை எதிலும் கட்டிப்போடாது. உண்மையான முடிவு ஓ.டி.ஏ.வில் சேரும் நாளில்தான். சேர்ந்த பிறகு சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். பயிற்சி முடியும்வரை திருமணமும் கூடாது. அதுவரை வங்கித் தேர்வுக்கும் படிக்கலாம்.

சேலத்துத் தந்தை:
இரண்டுக்கும் படி என்று சொல்வது எளிது, ஐயா. நடைமுறையில் இரண்டுமே அரைகுறையாகிவிடும். தம்பி, முதல் இரண்டு ஆண்டுகளில் உங்கள் மதிப்பெண் எவ்வளவு?

நெல்லை மாணவன்:
64 சதவீதம், ஐயா. 'சி' சான்றிதழ்த் தேர்வு வரை என்.சி.சி.யில் தொடர்கிறேன். வங்கித் தேர்வைப் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்கிறேன். காயம் பற்றி நீங்கள் எழுதியதையும் அப்பாவிடம் மறைக்காமல் காட்டப்போகிறேன்.