இரண்டு வருடக் கப்பல் ஊழியத்துக்கு மகளை அனுப்பலாமா?

கல்முனைத் தாய்:
எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலையில் கற்பிக்கும் என் மகள், லோகோஸ் ஹோப் என்ற கிறிஸ்தவப் புத்தகக் கப்பலில் இரண்டு வருடம் பல நாடுகளுக்குச் சென்று ஊழியம் செய்ய விரும்புகிறாள். சம்பளம் கிடையாது, செலவுக்கான பணத்தைச் சபையாரிடமும் உறவினரிடமும் திரட்ட வேண்டும். தகப்பனில்லாத வீடு என்பதால் மனம் தடுமாறுகிறது.

பெரியகல்லாறு வாசகர்:
அக்கா, அங்கே நாளின் பெரும்பகுதி சமையலறை, இயந்திர அறை, புத்தகச் சந்தை ஆகியவற்றில் கழியும் என்பதைப் பிள்ளை அறிந்திருக்கிறாரா? பிரசங்கம் செய்யவே போகிறேன் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடலாம். கடவுச்சீட்டில் போதிய காலமும் வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும். சில நாடுகளுக்குள் நுழையக் கேட்கப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாட்களின் பின்னரே செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதும்.

புளியந்தீவு ஐயா:
1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட், வரும் வழியிலேயே மனைவியைக் கடலில் இழந்தவர். ஆனாலும் தமிழ் கற்று, பாடசாலைகளைத் தொடங்கி, ஒரு வருடம் நிறையும் முன்னரே 1815இல் இங்கேயே மரித்தார். கப்பலோ ஒரு துறைமுகத்தில் சில வாரங்களே தங்கும். ஓரிடத்தில் நிலைத்து மொழி கற்பதா, பல இடங்களைத் தொட்டுச் செல்வதா, எது தன் அழைப்பு என்று மகள் தெளியட்டும் தங்கச்சி.

கல்முனைத் தாய்:
நன்றி ஐயா. இன்றிரவு இதையே அவளிடம் கேட்கிறேன்.