அமெரிக்காவுல டென்டல் ரெசிடென்சி: அப்ளை பண்ணப் போற நம்ம பிடிஎஸ், எம்டிஎஸ் ஆளுங்களுக்கு

ஊர்ல பிடிஎஸ் இல்ல எம்டிஎஸ் முடிச்சுட்டு இப்பதான் அமெரிக்கா வந்து இறங்கியிருக்கற பல பேரு, அதுலயும் கல்யாணமாகி எச்-4ல, அதாவது வீட்டுக்காரரோட எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த விசால, வந்திருக்கற தங்கச்சிங்க நிறைய பேரு, ஒரே கேள்வியத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க, ஸ்பெஷாலிட்டி கிடைக்க எவ்ளோ ஸ்கோர் வேணும்னு. ஸ்கோர் வேணும்தான். ஆனா நான் இங்க பிராஸ்தோ (செயற்கைப் பல் பிரிவு) ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்கு அப்புறம் வர்ற பயிற்சி, பண்ணப்போ இன்டர்வியூ சீசன்ல வர்றவங்களோட உக்காந்து பேசிப் பாத்ததுல, நல்ல ஸ்கோர் வச்சிருக்கற நம்ம ஆளுங்க ரெண்டு இடத்துல வழுக்கறாங்க. ஒண்ணு, நம்மள எடுக்கவே எடுக்காத ப்ரோக்ராமுக்கு எல்லாம் காசு கட்டி அப்ளை பண்றது. இன்னொண்ணு, ஃபைல்ல அழகா எழுதியிருக்கறத அஞ்சு நிமிஷம் வாய் தொறந்து பேச முடியாம நிக்கறது. அதனால இந்த ரெண்டையும்தான் விரிவா எழுதறேன், மத்தத வேகமா சொல்லிட்டுப் போறேன்.

முதல்ல எந்த வழின்னு முடிவு பண்ணிக்கோங்க. ஏடிஇஏங்கற அமெரிக்க டென்டல் கல்வி சங்கம் நடத்தற கேப்பிட்ங்கற அப்ளிகேஷன் போர்ட்டல் வழியா போனா அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங், அதாவது இங்க ரெண்டு மூணு வருஷம் படிச்சு டிடிஎஸ் இல்ல டிஎம்டிங்கற அமெரிக்க பல் டாக்டர் பட்டம் வாங்கறது. அதே ஏடிஇஏவோட பாஸ்ங்கற போர்ட்டல் வழியா போனா நேரா ரெசிடென்சி. ரெண்டாவது வழில செலவும் வருஷமும் மிச்சமாகலாம், ஆனா டிடிஎஸ் இல்லாம வெறும் ஸ்பெஷாலிட்டி சர்டிஃபிகேட்டோட லைசென்ஸ் கிடைக்குமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலத்துல கோடா (இங்க டென்டல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஸ்பெஷாலிட்டி முடிச்சா அந்த ஸ்பெஷாலிட்டி அளவுக்கு லைசென்ஸ் தருவாங்க, பல மாநிலத்துல டிடிஎஸ் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. வீட்டுக்காரருக்கு வேலை எந்த மாநிலத்துல, நாளைக்கு எங்க செட்டில் ஆகப் போறீங்கங்கறத யோசிச்சு, அந்த மாநில டென்டல் போர்டு சைட்ல விதிய நீங்களே படிங்க. வாட்ஸ்ஆப் குரூப்ல யாரோ சொன்னாங்கன்னு மூணு வருஷத்தை போட்டுறாதீங்க. எம்டிஎஸ் முடிச்சவங்களுக்கும் இதேதான், இங்க அத ஸ்பெஷலிஸ்ட்டுன்னு நேரடியா ஏத்துக்க மாட்டாங்க, அப்ளிகேஷனுக்கு அது பலம், அவ்ளோதான். நம்ம ஊர் கான்ஸ் எம்டிஎஸ் (பல் அடைப்பும் ரூட் கேனாலும் சேந்தது) மாதிரி ஒரு ஸ்பெஷாலிட்டியே இங்க கிடையாது, அதுல என்டோ (ரூட் கேனால் பிரிவு) மட்டும்தான் இங்க ஸ்பெஷாலிட்டி.

அடுத்து, எந்தெந்த ப்ரோக்ராமுக்கு அப்ளை பண்றதுங்கற லிஸ்ட். பாஸ் போர்ட்டல்ல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு பக்கம் இருக்கும், அதுல வெளிநாட்டு டிகிரி ஏத்துக்கறாங்களா, எந்த எக்ஸாம் வேணும், எந்த விசா எடுப்பாங்கன்னு போட்டிருப்பாங்க. ஓரல் சர்ஜரில பெரும்பாலான இடங்கள் அமெரிக்க இல்ல கனடா டிகிரிதான் கேக்கும், அதோட சிபிஎஸ்இன்னு தனி எக்ஸாம் வேற, இது ஸ்கூல் போர்டு இல்ல, பேசிக் சயின்ஸ் எக்ஸாம். பெரியோவும் (ஈறு பிரிவு) பிராஸ்தோவும் நம்மள மாதிரி வெளில படிச்சவங்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்திருக்கற பிரிவுங்க. ஆர்த்தோல (பல் வரிசைய சீராக்கற பிரிவு) எடுக்கற இடம் இருக்கு, ஆனா போட்டி கழுத்தப் பிடிக்கும். அந்த ப்ரோக்ராம் பக்கத்துல போட்டிருக்கறது புரியலேன்னா ப்ரோக்ராம் கோஆர்டினேட்டருக்கு ரெண்டு வரில மெயில் போட்டு கேளுங்க, மரியாதையா கேட்டா பதில் போடுவாங்க. கேட்டு, இப்போ படிச்சிட்டிருக்கற ரெசிடென்ட்ஸ் யாருன்னு காலேஜ் சைட்ல பாத்து, வெளிநாட்டு டிகிரிக்காரங்க ஒருத்தர் கூட இல்லாத இடத்தை அடிச்சுட்டா லிஸ்ட் பாதியாயிடும். அந்தப் பாதிக்கு மனசு வச்சு எழுதுங்க.

காசு பத்தி வெளிப்படையா சொல்லிடறேன். ஆஸ்பத்திரில நடக்கற பீடோ (குழந்தைங்க பல் பிரிவு), ஓரல் சர்ஜரி, ஜிபிஆர் (பொது பல் மருத்துவ ரெசிடென்சி) மாதிரி ப்ரோக்ராம்ல ஸ்டைபெண்ட் வரும். யுனிவர்சிட்டில நடக்கற ஆர்த்தோ, என்டோ, பெரியோ, பிராஸ்தோல பல இடத்துல நீங்கதான் ட்யூஷன் கட்டணும். இங்கதான் எச்-4 ஆளுங்க கவனிக்கணும். எச்-4ல முழுநேரம் படிக்கலாம், ஆனா சம்பளம் கொடுக்கற ப்ரோக்ராம்ல ரெசிடென்ட்னா ஊழியர் கணக்கு, அதுக்கு வேலை அனுமதி வேணும். 2015ல வந்த எச்-4 ஈஏடி (வேலை அனுமதி அட்டை) விதிப்படி பொதுவா வீட்டுக்காரரோட ஐ-140 (கிரீன் கார்டுக்காகப் போடற மனு) அப்ரூவ் ஆகியிருந்தா அப்ளை பண்ணலாம். அப்படி இல்லேன்னா காலேஜ் உங்களுக்கு எந்த விசா ஸ்பான்சர் பண்ணும்னு இன்டர்வியூவுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க, மேட்ச் ஆன பிறகு, அதாவது இடம் ஒதுக்கின பிறகு, ஓடினா ரொம்ப லேட்.

பேப்பர் வேலைய இன்னிக்கே ஆரம்பிங்க. எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டில படிச்சவங்க ஈசிஇ எவாலுவேஷனுக்கு (நம்ம படிப்பை இங்கத்த கணக்குல மதிப்பிடறது) டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப யாராவது கிண்டி ஆபீஸுக்கு நேர்ல போய் நிக்க வேண்டி வரலாம், அதனால அண்ணனோ அப்பாவோ ஒருத்தர்கிட்ட ஆதரைசேஷன் லெட்டர் கொடுத்து வையுங்க. சிஆர்ஆர்ஐ (ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்) முடிச்ச சர்டிஃபிகேட், ஸ்டேட் டென்டல் கவுன்சில்ல இருந்து குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட், ரெண்டையும் ஊர்ல இருக்கும்போதே எடுத்துட்டு வந்தா பாதி தலைவலி போச்சு. ஐஎன்பிடிஇங்கற இங்கத்த டென்டல் போர்டு எக்ஸாம் ரெண்டு நாள், 500 கேள்வி, பாஸா ஃபெயிலாங்கறது மட்டும்தான் வரும். அதுல மார்க் தெரியாததாலதான் பல ப்ரோக்ராம் ஏடிஏடி கேக்குது, அது 200ல இருந்து 800 வரைக்கும் ஸ்கோர் போடற எக்ஸாம், 2016ல இருந்து நடக்குது. சில ஆர்த்தோ ப்ரோக்ராம்ல ஜிஆர்இயும் கேப்பாங்க. பாஸ் போர்ட்டல் மே மாசம் நடுவுல திறக்கும், திறந்த பிறகு பேப்பர் தேடாதீங்க.

ரெகமெண்டேஷன் லெட்டர் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம ஊர்ல ஹெச்ஓடி கிட்ட போய் கேட்டா "நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாம்மா, சைன் போட்டுத் தர்றேன்"னுதான் பெரும்பாலும் சொல்வாங்க. அவங்க பாசமா சொல்றதுதான். ஆனா மூணு லெட்டரையும் நீங்களே எழுதினா மூணுலயும் ஒரே குரல் கேக்கும், இங்க ஒவ்வொரு வருஷமும் கட்டுக் கட்டா படிக்கறவங்களுக்கு அது ரெண்டாவது லெட்டர்லயே தெரிஞ்சிடும். அதுவும் போர்ட்டல்ல லெட்டரை நான் பாக்க மாட்டேன்னு நீங்க டிக் பண்ணியிருப்பீங்க. அதனால சார்கிட்ட ஒரு பக்கத்துக்கு குறிப்பு எழுதிக் கொடுங்க, எந்தப் போஸ்டிங்ல அவர்கிட்ட இருந்தீங்க, எந்த பேஷண்ட் கேஸ் அவர் பாத்தாரு, என்ன பாராட்டினாரு, என்ன திட்டினாரு, எல்லாம். அத வச்சு அவரே நாலு பாரா அவரு இங்கிலீஷ்ல எழுதினா போதும், இலக்கணம் தப்பா இருந்தாலும் உண்மையா இருக்கும். லெட்டர் ஏத்தற லிங்க் அவருக்கு மெயில்ல போகும், ஸ்பேம்ல விழும், அதனால ஊர் சாயங்கால நேரம் பாத்து ஃபோன் பண்ணி "சார், ஸ்பேம் கொஞ்சம் பாருங்க சார்"னு சொல்லுங்க. இதுல கூச்சமே வேண்டாம்.

ஸ்டேட்மென்ட் எழுதும்போது சின்ன வயசுல பல் டாக்டரைப் பாத்து ஆசப்பட்டேன்னு ஆரம்பிக்காதீங்க. ஒரு பேஷண்ட்டை எழுதுங்க. என்கூட பேசின ஒரு பொண்ணு முதல் டிராஃப்ட்ல "நிறைய கம்ப்ளீட் டென்ச்சர் பண்ணியிருக்கேன்"னு, அதாவது முழு செட்டுப் பல்லு, எழுதியிருந்துச்சு. நான் கேட்டேன், அதுல உனக்கு மறக்காதது யாருன்னு. உடனே சொல்லுச்சு, கீழ்த்தாடை எலும்பு சுத்தமா தேஞ்சு போன ஒரு பாட்டி, பேச வாய் தொறந்தாலே கீழ் செட்டு எழும்பி வந்துரும், நியூட்ரல் ஸோன் இம்ப்ரெஷன் (நாக்கும் கன்னமும் செட்டைத் தள்ளாத இடம் பாத்து எடுக்கற அச்சு) எடுத்து திரும்பச் செஞ்சும் பாதிதான் நின்னுது, ரெண்டு இம்ப்ளான்ட் போட்டா நிக்கும்னு தெரியும், ஆனா அந்தக் குடும்பத்தால கட்ட முடியாது, பாட்டி கடைசில கீழ் செட்டை கைக்குட்டைல சுத்தி வச்சுக்கிட்டு சாப்பிடும்போது மட்டும் போட்டுக்கிட்டாங்கன்னு. இதுதான்டா உன் ஸ்டேட்மென்ட்னு சொன்னேன். ஏன்னா இதுக்கு அடுத்த கேள்வி இன்டர்வியூல தானா வரும், ரெண்டு இம்ப்ளான்ட்னு எத வச்சு சொல்றீங்கன்னு, அப்ப 2002 மெக்கில் கன்சென்சஸ், அதாவது கனடா மெக்கில் யுனிவர்சிட்டில கூடின நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு ரெண்டு இம்ப்ளான்ட் ஓவர்டென்ச்சர்தான் (இம்ப்ளான்ட் மேல மாட்டற செட்டு) முதல் சாய்ஸ்னு சொன்னது, அது ஏன், அத யாரு யாரு கேள்வி கேட்டாங்க, எல்லாம் பேசலாம். படிப்பும் பேஷண்ட்டும் ஒரே பேச்சுல வந்துரும்.

இப்ப இன்டர்வியூ. பல இடத்துல முந்தின நாள் ரெசிடென்ட்ஸோட ஒரு சந்திப்பு இருக்கும், டின்னரோ ஜூமோ, அதுவும் இன்டர்வியூதான்னு நெனச்சு போங்க. வர்ற ரெசிடென்ட்ஸ் அடுத்த நாள் டைரக்டர்கிட்ட கருத்து சொல்வாங்க. அவங்கதான் உங்களோட ராத்திரி லேப்ல மூணு வருஷம் உக்காரப் போறவங்க, இவங்களோட இருந்தா நல்லா இருக்குமாங்கறதுதான் அவங்க கேள்வி.

கேஸ் சொல்லும்போது நம்ம ஆளுங்க மாட்டற ஒரு சின்ன விஷயம், பல் நம்பர். நம்ம எஃப்டிஐ முறைல 46ங்கறோம், இங்க யுனிவர்சல் முறைல 32க்கு மேல பல்லே கிடையாது, மேல் வலது ஞானப்பல்லுல 1 ஆரம்பிச்சு மேல் இடதுல 16, கீழ் இடதுல 17, கீழ் வலதுல 32ன்னு முடியும். நம்ம 46 இங்க 30, நம்ம 36 இங்க 19, 11 இங்க 8. இத விட ஆபத்து 16. நம்ம 16னா மேல் வலது முதல் மோலார், இங்க அது 3. இங்க 16ன்னா மேல் இடது ஞானப்பல். "16ல க்ரவுன் போட்டேன்"னு நீங்க பெருமையா சொல்ல, எதிர்ல இருக்கறவரு ஞானப்பல்லுக்கு எதுக்கு க்ரவுன்னு முழிப்பாரு. பீடோக்குப் போறவங்க பால் பல்லுக்கு A முதல் T வரைக்கும் எழுத்து முறைய பழகுங்க, நம்ம 75 இங்க K, 85 இங்க T. மருந்தும் அப்படித்தான், லிக்னோகெயின்னு சொல்லாம லிடோகெயின், அட்ரினலின்னு சொல்லாம எபிநெஃப்ரின், பாராசிட்டமால்னு சொல்லாம அசிட்டமினோஃபென். மரத்துப் போற ஊசில எபிநெஃப்ரின் கலவை நம்ம ஊர்ல 1:80,000 போட்டிருப்பீங்க, இங்க வழக்கமா 1:100,000. முழுத் தாடைக்கும் எடுக்கற ஓபிஜி எக்ஸ்ரே இங்க பேனோ. சிஆர்ஆர்ஐன்னா யாருக்கும் தெரியாது, ஒரு வருஷ ரொட்டேட்டிங் இன்டர்ன்ஷிப்னு சொல்லுங்க. இதெல்லாம் மனப்பாடம் பண்ணா வராது, தினமும் உங்க கேஸ் ஒண்ண சத்தமா சொல்லிப் பாத்து நாக்குல ஏத்தணும். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, நம்ம எவ்ளோ வேகமா பேசறோம்னு அப்பதான் தெரியும்.

"நாங்க"ன்னு பேசறதையும் கவனிங்க. பெரியவங்க முன்னாடி நான், நான்னு சொல்றது நமக்கு மரியாதைக் குறைவா தோணும், அதனால டிபார்ட்மென்ட்ல பண்ணோம், டீமா பண்ணோம்னு போயிடுவோம். கேக்கறவங்களுக்கு நீங்க என்ன பண்ணீங்கன்னே தெரியாது. டயக்னோசிஸ் நான் பண்ணேன், சர்ஜரி சார் பண்ணாரு, சூச்சர் நான் போட்டேன்னு பிரிச்சு சொல்லுங்க, அது பெருமை அடிச்சுக்கறது இல்ல, நேர்மை. அதே மாதிரி சக டாக்டரோட சண்டை வந்தப்ப என்ன பண்ணீங்கன்னு கேட்டா எனக்கு யாரோடவும் சண்டையே வந்ததில்லன்னு சொல்லாதீங்க, போஸ்டிங்ல யாரு எந்த பேஷண்ட் எடுக்கறதுன்னு ஒரு பிரச்சனையாவது வந்திருக்கும், அத எப்படி பேசித் தீத்தீங்கன்னு சொல்லுங்க. எம்டிஎஸ் முடிச்சவங்கள "ஏற்கனவே ஸ்பெஷலிஸ்ட்தானே, எதுக்கு திரும்ப"ன்னு நிச்சயம் கேப்பாங்க. லைசென்ஸுக்காகன்னு மட்டும் சொன்னா அங்கயே முடிஞ்சது, அந்த ப்ரோக்ராம்ல என்ன இருக்கு, உங்க கைக்கு இன்னும் என்ன வரலங்கறத பேர் சொல்லிச் சொல்லுங்க. டிகிரிக்கு அப்புறம் வந்த இடைவெளிய மறைக்காதீங்க, கல்யாணம் ஆச்சு, நாடு மாறினேன், குழந்தை பிறந்துச்சு, அந்த நேரத்துல இந்த எக்ஸாம் எழுதினேன், இந்த ஃப்ரீ கிளினிக்ல வாலன்டியர் பண்ணேன்னு ரெண்டு வரில சொல்லிட்டு நகருங்க.

இன்டர்வியூ முடிஞ்சதும் மேட்ச், அதாவது நீங்களும் ப்ரோக்ராமும் தனித்தனியா போடற ரேங்க் லிஸ்ட்டை வச்சு இடம் ஒதுக்கறது. நேஷனல் மேட்சிங் சர்வீசஸ்ல தனியா பதிவு பண்ணணும், பாஸ்ல அப்ளை பண்ணா போதும்னு இருந்துடாதீங்க. ஆர்த்தோ, பெரியோ, பிராஸ்தோ முதல் கட்டம், டிசம்பர்ல ரிசல்ட். பீடோ, ஓரல் சர்ஜரி, ஜிபிஆர், ஏஇஜிடி (ஜிபிஆர் மாதிரியே இன்னொரு பொது பல் மருத்துவப் பயிற்சி) ரெண்டாம் கட்டம், ஜனவரி கடைசில. என்டோ இந்த மேட்ச்ல இல்ல, அவங்க சீக்கிரமே கூப்பிட்டு நேரா ஆஃபர் கொடுப்பாங்க, அதனால என்டோ ஆளுங்க மே மாசமே ரெடியா இருக்கணும். ரேங்க் லிஸ்ட் போடும்போது எங்க கிடைக்க வாய்ப்பு அதிகம்னு கணக்கு போடாதீங்க, உங்களுக்குப் பிடிச்ச வரிசைல போடுங்க. கிடைக்காத இடத்தை மேல வச்சதால கீழ இருக்கற இடம் கை நழுவாது, அந்த அல்காரிதமே அப்படித்தான் கட்டியிருக்கு. ஆனா மேட்ச் ஆயிட்டா அது கட்டாயம், அதனால குடும்பத்தோட போய் இருக்க முடியாத ஊரு, கட்ட முடியாத ட்யூஷன், ரெண்டையும் லிஸ்ட்ல போடவே போடாதீங்க.

மேட்ச் ஆகலேன்னா காலி இடம் லிஸ்ட் வரும், அன்னிக்கே மெயில் போடணும், அதுக்கு சிவி, ஸ்கோர் எல்லாம் ஒரே ஃபைலா வச்சிருங்க. அடுத்த வருஷத்துக்கு ஒரு வருஷ ஜிபிஆர் இல்ல ஏஇஜிடி நல்ல வழி, கோடா அங்கீகாரம் உள்ளதுதானான்னு மட்டும் பாருங்க. பீஸ் வாங்கிக்கிட்டு ஃபெல்லோஷிப், ப்ரிசெப்டர்ஷிப்னு தர்றதுல கோடா இல்லாததும் உண்டு, அனுபவமும் லெட்டரும் கிடைக்கலாம், லைசென்ஸுக்கு ரெசிடென்சி கணக்குல வராது. கட்டறதுக்கு முன்னாடி அங்க முடிச்சவங்க ரெண்டு பேர்கிட்ட பேசுங்க. இன்டர்வியூ வரைக்கும் கூப்பிட்ட ப்ரோக்ராமுக்கு நன்றி சொல்லி, அடுத்த முறைக்கு எத சரி பண்ணலாம்னு கேட்டு மெயில் போடுங்க, எல்லாரும் பதில் போட மாட்டாங்க, போடறவங்க சொல்றத அடுத்த மே மாசத்துக்குள்ள செஞ்சு முடிச்சு அதே இடத்துக்குத் திரும்ப அப்ளை பண்ணுங்க.