எல்லா மெஷினுக்கும் 85 சதவீத ஓஇஇ: இது சரியான இலக்கா?

ஓசூர்_ஷிப்ட்:

வணக்கம். டூ-வீலருக்கு வார்ப்பு இரும்பு ஹவுசிங் மெஷினிங் செய்து கொடுக்கிற யூனிட்டில் ஷிப்ட் இன்ஜினியராக இருக்கிறேன். டர்னிங் சென்டர் (கடைசல் மெஷின்) 6, டிரில்லிங்குக்கு விஎம்சி (செங்குத்து மெஷினிங் சென்டர்) 2, கடைசியில் போர் (உள்துளை) கிரைண்டிங் மெஷின் 1. வரும் காலாண்டிலிருந்து எல்லா மெஷினிலும் ஓஇஇ 85 சதவீதம் வரவேண்டும், இன்சென்டிவும் அதை வைத்துத்தான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஓஇஇ (Overall Equipment Effectiveness) தெரியாதவர்களுக்கு: திட்டமிட்ட நேரத்தில் மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது, ஓடியபோது என்ன வேகத்தில் ஓடியது, வந்த பீஸில் எவ்வளவு நல்லது என்ற மூன்று விகிதங்களையும் பெருக்கினால் வருவது.

ஒரு டர்னிங் சென்டரின் ஒரு ஷிப்ட் கணக்கைத் தருகிறேன். மொத்தம் 480 நிமிடம். சாப்பாடு, டீ 50 போனால் 430. செட்டிங் மாற்ற 55, இன்சர்ட் (டூலின் வெட்டும் துண்டு) மாற்ற 20, காஸ்டிங் (வார்ப்பு) வராமல் நின்றது 25. ஓடியது 330. ஒரு பீஸுக்கு 90 வினாடி, போட்டது 190 பீஸ். 8 பீஸ் அளவில் தவறியது. அதில் 5 ரீவொர்க்கில் தேறியது. ஓஇஇ 63.5 வருகிறது. 85-க்குப் போக வழி இருக்கிறதா, அல்லது இலக்கே தவறா?

பழைய_மெயின்டனன்ஸ்:

தம்பி, முதலில் உங்களுக்கு ஒரு பாராட்டு. பல இடங்களில் இந்த அளவுக்குக்கூடக் குறித்து வைப்பதில்லை.

அந்த 63.5-ஐ விடுங்கள், உள்ளே பாருங்கள். 182 நல்ல பீஸ், பீஸுக்கு ஒன்றரை நிமிடம், 273 நிமிடம். 430-ல் மீதி 157 நிமிடம் எங்கே போனது? நின்றது 100. ரிஜெக்ஷனில் போனது 12. மிச்சம் 45 நிமிடம். அந்த 45 உங்கள் பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் இருக்காது. டவர் லேம்ப் பச்சையாகத்தான் எரிந்திருக்கும். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் 45 நிமிடம் தொலைந்தது. ஓஇஇ இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா டிபிஎம்-ஐ (ஆபரேட்டர் முதல் எல்லாரும் சேர்ந்து மெஷினைப் பராமரிக்கும் முறை) உருவாக்கியபோது ஆறு பெரிய இழப்புகள் என்று பிரித்தார்: பிரேக்டவுன், செட்டிங், சின்னச் சின்ன நிறுத்தங்கள், வேகக் குறைவு, குறையுள்ள பீஸ், ஓட ஆரம்பிக்கும்போது வீணாகும் பீஸ். இவற்றில் முதல் இரண்டுதான் எல்லார் கண்ணிலும் படும். மற்றதைப் பிடிப்பதற்குத்தான் இந்தப் பெருக்கல். டொயோட்டாவுக்கு மின்பாகம் செய்த நிப்பான்டென்சோ 1971-லேயே டிபிஎம்-க்காகப் பரிசு வாங்கியது. இது நேற்று வந்த ஃபேஷன் இல்லை.

கோவை_ஜாப்ஷாப்:

அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டுங்க. ஆனால் இந்த எண்ணை இன்சென்டிவோடு கட்டினால் என்ன நடக்கும் என்று அதே ஷிப்டை வைத்துக் காட்டுகிறேன்.

செட்டிங் 55 நிமிடம் ‘திட்டமிட்ட வேலை’ என்று சொல்லி வெளியே எடுத்துவிடுங்கள். திட்டமிட்ட நேரம் 375 ஆகிவிடும். 90 வினாடி டிரையல் அன்றைக்கு எடுத்தது, நடைமுறைக்கு 100 வினாடி என்று ஸ்டாண்டர்டைத் திருத்துங்கள். ரீவொர்க்கில் தேறிய 5 பீஸை நல்லதில் சேருங்கள், 187. இப்போது ஓஇஇ 83.1.

அதே மெஷின், அதே ஆள், அதே நாள். டிஸ்பாட்சில் ஒரு பீஸ்கூடக் கூடவில்லை. 63.5, 83.1 ஆகிவிட்டது. இதில் எந்த ஒரு திருத்தத்தையும் பொய் என்று சொல்லவும் முடியாது. மூன்றுக்குமே மீட்டிங்கில் நியாயம் பேசலாம். காசு கட்டப்பட்ட எண் இப்படித்தான் நகரும்.

85 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். நகாஜிமா சொன்னது: ஓடும் நேரம் 90-க்கு மேல், வேகம் 95-க்கு மேல், தரம் 99-க்கு மேல். பெருக்கினால் 84.6, அதுதான் 85. ஜப்பானில் பரிசு வாங்கிய ஆலைகளை வைத்து அவர் சொன்ன எல்லை. ஒரே பாகத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிற லைனுக்கு அது பொருந்தலாம். என் ஷெட்டில் ஒரு நாளைக்கு நாலு முறை ஜாப் மாறும். 40 பீஸ் கேட்கிறவருக்கு 40 தான் போட முடியும். எனக்கு 85 வேண்டும் என்றால் ஒரே வழி, 400 போட்டு ரேக்கில் அடுக்குவது.

பழைய_மெயின்டனன்ஸ்:

நீங்கள் காட்டிய மூன்று திருத்தமும் விதியை மீறியவை. செட்டிங் இழப்பு உள்ளேதான் இருக்க வேண்டும். ரீவொர்க் பீஸ் நல்ல பீஸ் இல்லை. முதல் முறையிலேயே சரியாக வந்தது மட்டும்தான் நல்லது. விதியை உடைத்துவிட்டு அளவுகோலைக் குறை சொல்வது நியாயமா?

செட்டிங்கை ஏன் வெளியே எடுக்கக் கூடாது என்றால், வெளியே எடுத்த அன்றைக்கே அதைக் குறைக்கிற வேலை நின்றுவிடும். செட்டிங் நேரத்தைக் குறைக்கும் முறையை வகுத்த ஷிகேயோ ஷிங்கோ செய்தது பெரிய வித்தை இல்லை. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரித்தார். உங்கள் 55 நிமிடத்தில் சாஃப்ட் ஜா (பீஸைப் பிடிக்கும் சக்கின் தாடை) தேடியது எவ்வளவு, கேஜ் (அளவுக் கருவி) வாங்க ஸ்டோருக்கு நடந்தது எவ்வளவு, முதல் பீஸ் இன்ஸ்பெக்ஷனுக்காகக் காத்திருந்தது எவ்வளவு என்று ஒருநாள் பக்கத்தில் நின்று எழுதிப் பாருங்கள் தம்பி. ஜாவைப் பீஸ் அளவுக்குக் கடைவதை முன்கூட்டியே முடித்து, டூலை ஹோல்டரில் மாட்டி அளவெடுத்து வைத்தாலே பாதி குறையும். ஜாப்ஷாப் நண்பருக்கும் இதே பதில்தான்: நாலு முறை மாறுகிறவருக்குத்தான் இது நாலு மடங்கு தேவை.

சிஎன்சி_ஆபரேட்டர்:

அந்த 45 நிமிடத்தைப் பற்றி நான் சொல்கிறேன் சார். வேறு யூனிட்தான், ஆனால் நானும் வார்ப்பு இரும்பு ஹவுசிங்தான் ஓட்டுகிறேன்.

காஸ்டிங் ஓரம் மெல்லிசாக இருக்கிற இடத்தில் சீக்கிரம் குளிர்ந்து கெட்டியாகிவிடும். டூல் அந்த இடத்தில் தொட்டதும் சத்தம் மாறும். இரண்டு மூன்று பீஸில் இன்சர்ட் முனை உடையும். இன்சர்ட் அதிகம் செலவானால் கேள்வி கேட்பார்கள். அதனால் ஃபீட் ஓவர்ரைடு குமிழை (டூல் நகரும் வேகத்தை மாற்றுவது) 80 சதவீதத்துக்குத் திருப்பி வைத்துவிடுவோம். புரோகிராமில் 90 வினாடி, குமிழ் 80-ல் இருந்தால் பீஸ் வர 100 வினாடிக்கு மேல் ஆகும். இதுதான் உங்கள் வேகக் குறைவு.

இன்னொன்று. வார்ப்பு இரும்புச் சிப் தூளாகத்தான் வரும். ஒவ்வொரு பீஸ் எடுத்ததும் ஏர் கன்னால் சக்கின் சீட்டிங் முகத்தை ஊதவேண்டும். ஒரு துகள் இருந்தாலும் ஃபேஸ் ரன்அவுட் (சுழலும்போது முகம் ஆடுவது) வந்துவிடும். டிரையலில் நேரம் எடுத்தபோது ஒருவர் ஊதினார், இன்னொருவர் லோடு செய்தார். ஷிப்டில் நான் ஒருவன்தான். அந்த 90 வினாடி யாருடைய 90 வினாடி?

பழைய_மெயின்டனன்ஸ்:

மிக நல்ல பதிவு. இதைத்தான் நான் சொல்கிறேன். 45 நிமிடம் என்று எண் காட்டியது, கேட்டோம், ஃபவுண்டரியில் இருக்கிற கோளாறு வெளியே வந்தது.

சிஎன்சி_ஆபரேட்டர்:

இல்லை சார். இங்கே கேட்டார்கள், சொன்னேன். ஷாப்பில் யாரும் கேட்பதில்லை. போர்டில் மெஷின் நம்பருக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதுவார்கள், அந்த மெஷினில் நிற்பது நான். ஃபவுண்டரி பெயர் போர்டில் இருக்காது. ஓவர்ரைடைப் பூட்டிவிடச் சொன்னவர்களும் உண்டு. பூட்டினால் இன்சர்ட் உடையும், பீஸ் அளவு போகும், அப்போது ‘தரம்’ என்ற கட்டத்தில் சிவப்பு வரும்.

செலவுக்கணக்கு:

நான் காஸ்டிங் பக்கம் (உலோகம் இல்லை, செலவுக் கணக்கு). பெருக்கலிலேயே ஒரு பிழை இருப்பதை யாரும் தொடவில்லை. மெஷின் 10 சதவீத நேரம் சும்மா நின்றாலும் ஓஇஇ 10 சதவீதம் விழும். 10 சதவீதப் பீஸ் ஸ்கிராப் ஆனாலும் அதே அளவுதான் விழும். ஆனால் நின்ற மெஷின் மூலப்பொருளைத் தின்பதில்லை. ஸ்கிராப்பில் காஸ்டிங் போயிற்று, இன்சர்ட் போயிற்று, மின்சாரம் போயிற்று, அதற்கு முந்தைய எல்லா ஆபரேஷனின் கூலியும் போயிற்று. கிரைண்டிங்கில் ஒரு பீஸ் ஸ்கிராப் ஆவதும் டர்னிங்கில் ஆவதும் ஒன்றா? ஓஇஇ-க்கு ஒன்றுதான். என் லெட்ஜரில் ஒன்றில்லை.

ஒன்பது மெஷினின் ஓஇஇ-யையும் கூட்டி ஒன்பதால் வகுத்து ‘ஆலை ஓஇஇ’ என்று ஸ்லைடில் போடுவார்கள், அதையும் நிறுத்துங்கள். எதையும் சொல்லாத எண் அது.

ஓசூர்_ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு விவரம் விட்டுவிட்டேன். கிரைண்டிங் மெஷினுக்கு முன்னால் எப்போதும் இரண்டு நாள் வேலை ட்ரேயில் நிற்கும். மழைக்காலத்தில் டர்னிங் முடிந்த முகத்தில் துரு ஏறிவிடுகிறது என்று ஆயிலில் முக்கி வைக்கிறோம்.

கோவை_ஜாப்ஷாப்:

அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி! உங்கள் யூனிட்டிலிருந்து வெளியே போகிற பீஸைத் தீர்மானிப்பது அந்த ஒரு கிரைண்டிங் மெஷின்தான். ஆறு டர்னிங்கையும் 85-க்கு ஏற்றினால் என்ன ஆகும்? ட்ரேயில் இரண்டு நாள் நாலு நாளாகும். ஆயில் செலவு, ட்ரே செலவு, இடம், துரு. அளவு தவறியிருந்தால் அது தெரிய நாலு நாள் ஆகும். அதற்குள் அதே ஆஃப்செட்டில் (மெஷினில் போட்ட டூல் அளவுத் திருத்தம்) எத்தனை பீஸ் போயிருக்கும்?

நெருக்கடிக் கோட்பாட்டை (Theory of Constraints) வகுத்த எலியாஹு கோல்ட்ராட் 1980களிலிருந்து அடித்துச் சொன்னது இதைத்தான். நெருக்கடியான மெஷினில் போன ஒரு மணி நேரம் மொத்த ஆலைக்கும் போன ஒரு மணி நேரம். மற்ற மெஷினில் மிச்சம் பிடித்த மணி நேரம் கணக்கில் மட்டும்தான் மிச்சம். அண்ணா டொயோட்டாவைச் சொன்னார். அதே டொயோட்டாவின் தைஇச்சி ஓனோ, வீணடிப்புகளிலேயே மோசமானது தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது என்றார். மெஷினை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதை ஆர்டர் தீர்மானிக்க வேண்டும். வேண்டிய நேரத்தில் அது ஓடத் தயாராக இருக்கிறதா என்பதுதான் மெயின்டனன்ஸின் கேள்வி.

டர்னிங்கில் ஓஇஇ 63 ஆக இருப்பதால் உங்கள் கம்பெனிக்கு இன்றைக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. அதை 85 ஆக்கினால் நஷ்டம் வரும். இதை அப்படியே எழுதி மேலே கொடுங்கள்.

பழைய_மெயின்டனன்ஸ்:

கிரைண்டிங்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. டர்னிங்கை அளக்கவே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு இரண்டாவது கிரைண்டிங் மெஷின் வாங்குவார்கள். அன்றைக்கு நெருக்கடி டர்னிங்குக்கு மாறும். அப்போது இந்த 45 நிமிடம் தெரியாமல், ஏழாவது டர்னிங் சென்டருக்குக் கடன் வாங்குவார்கள். நான் இருந்த இடங்களில் பாதி மெஷின் அப்படி வாங்கியதுதான். இருக்கிற மெஷினுக்குள் ஒளிந்திருக்கிற மெஷினைப் பார்க்காமல் வாங்கியது.

அளப்போம். போர்டில் சதவீதம் வேண்டாம், நிமிடமும் காரணமும் எழுதுவோம். இன்சென்டிவ் அதில் தொங்கக் கூடாது என்பதில் ஜாப்ஷாப் நண்பர் பக்கம்தான் நான்.

கோவை_ஜாப்ஷாப்:

அளப்பதற்கும் ஆள் வேண்டும், அண்ணா. ஒன்பது மெஷினுக்கும் காரணம் எழுத ஆரம்பித்தால் ஒருவரும் ஒழுங்காக எழுத மாட்டார்கள். எல்லாக் கட்டத்திலும் ‘இதர’ என்று வரும். 2012-ல் எங்கள் ஊர் மின்வெட்டு நேரத்தில் நான் இதைப் பார்த்தேன். கரண்ட் போன நேரத்தைத் திட்டமிட்ட நிறுத்தமாக எழுதுவதா இழப்பாக எழுதுவதா என்று ஷிப்டுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள். இரண்டு மாதச் சீட்டைக் குப்பையில் போட்டோம். ஒரு மெஷினில் ஒழுங்காகச் செய்தால் போதும்.

ஓசூர்_ஷிப்ட்:

கிரைண்டிங்கில் மட்டும் ஆரம்பிக்கிறேன், நிமிடக் கணக்காக. சாப்பாட்டு நேரத்திலும் அதை நிறுத்தாமல் மாற்று ஆள் போட அனுமதி கேட்கப் போகிறேன். டர்னிங்குக்கு 85 வேண்டாம் என்று ட்ரே படத்தோடு மெயில் போடுகிறேன். ஒரு சந்தேகம்: கிரைண்டிங் வீலை அடிக்கடி டைமண்டால் டிரெஸ்ஸிங் செய்கிறோம் (மழுங்கிய வீலைச் சீவிக் கூராக்குவது). அதைச் சைக்கிள் டைமில் (ஒரு பீஸுக்கான நேரம்) சேர்ப்பதா, இழப்பில் எழுதுவதா?

பழைய_மெயின்டனன்ஸ்:

இழப்பில் எழுதுங்கள். சைக்கிளில் சேர்த்தால், 20 பீஸுக்கு ஒருமுறை செய்வதை 30 ஆக்க முடியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சிஎன்சி_ஆபரேட்டர்:

இழப்பில் எழுதினால் ஆபரேட்டர் டிரெஸ்ஸிங்கைத் தள்ளிப்போடுவான் சார். வீல் மழுங்கி போரில் எரிந்த தடம் வரும், அது கஸ்டமரிடம் போய்த்தான் தெரியும். சைக்கிளிலேயே சேர்த்துவிடுங்கள். அப்படியே காரணச் சீட்டில் ‘காஸ்டிங் கெட்டி’ என்று ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் காஸ்டிங்கில் இருக்கிற ஹீட் கோடை (எந்த உருக்கில் வார்த்தது என்ற குறி) எழுத இடம் விடுங்கள்.