புதுப்பிப்பு: தொங்கிப்போன மெழுகு விரல்கள்

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் வீட்டில், உலோகச் சிலை வார்ப்பதற்காக நான் செய்த அம்மன் மெழுகுருவின் விரல்கள் மதிய வெக்கையில் தொங்கிவிட்டன என்று போன வாரம் எழுதியிருந்தேனே, சுவாமிமலை வார்ப்புக்கார அண்ணனிடமிருந்து பதில் வந்துவிட்டது.

“தம்பி, குங்கிலியம் கம்மி.”

தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், கடலை எண்ணெய் கலந்து காய்ச்சுவதுதான் மெழுகு. குங்கிலியம் கூடினால் இறுகும், எண்ணெய் கூடினால் இளகும். நானோ சுவாமிமலையில் மார்கழிக் குளிரில் கற்ற அளவையே போட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் ஏது மார்கழி? செய்த உறுப்பை உடனே குளிர்ந்த நீரில் போடவும் சொன்னார். வீட்டுச் சோற்றுப்பானை இப்போது அம்மன் கைகளுக்கு, மனைவி முறைக்கிறாள்.

விரல்கள் நிற்கின்றன. வார்ப்பு சுவாமிமலையில்தான், மெழுகுருவின் மேல் காவிரி வண்டல் மண் பூசி. மெழுகை விமானத்தில் உடையாமல் கொண்டுபோவது எப்படி என்று அடுத்துக் கேட்க வேண்டும்.