'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்': வருடத்துக்கு இரண்டு முறை என்றால் தப்பா?

தென்காசி அம்மா:
என் மகள் ஏழாவது படிக்கிறாள். ஆங்கிலப் பரீட்சையில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்', அதாவது எப்போதாவது அபூர்வமாக, என்ற மரபுத்தொடரை வைத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியது: 'மை அங்கிள் கால்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன். ஹி கால்ஸ் ஃபார் பொங்கல் அண்ட் தீபாவளி.' துபாயில் இருக்கும் என் தம்பியைத்தான் சொல்கிறாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையில் அடித்து, 'ப்ளூ மூன் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். வருடத்துக்கு இரண்டு முறை நடப்பதற்குச் சொல்லக் கூடாது' என்று எழுதிவிட்டார்.

2023 ஆகஸ்டில், சந்திரயான்-3 இறங்கிய அதே மாதக் கடைசியில், 'இன்று நீல நிலா' என்று டிவியில் கேட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடியவள் இவள். நிலா எப்போதும்போல வெள்ளையாக இருந்ததைப் பார்த்து முகம் வாடிப்போனது. இப்போது மறுபடியும் அதே நிலா! போனது ஒரு மதிப்பெண்தான், அது போகட்டும். ஆசிரியை சொல்வது சரியா? அவளுக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

பஞ்சாங்கப் பிரியன்:
கணக்குப்படி பார்த்தாலும் ஆசிரியை சொல்வது சரியில்லை. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சுமார் 29.5 நாள். மாதத்தின் ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோ பௌர்ணமி வந்தால், கடைசியில் இன்னொன்று வர வாய்ப்புண்டு. அதைத்தான் இப்போது ப்ளூ மூன் என்கிறார்கள். இரண்டரை வருடம் என்பது சராசரிதான். 2018-இல் ஜனவரி 31, மார்ச் 31 என்று ஒரே வருடத்தில் இரண்டு வந்தன. நடுவில் பிப்ரவரியில் பௌர்ணமியே இல்லை.

பழைய ஆங்கில வாத்தியார்:
தங்கச்சி, 32 வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளை பொருளைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். மரபுத்தொடரைக் காலண்டரில் வைத்து அளக்கக் கூடாது. 'ஆடிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை வருகிறான்' என்கிறோம். அமாவாசை மாதாமாதம் வருகிறதே, அப்படியானால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை வருகிறான் என்று யாராவது கணக்குப் போடுவார்களா?

அதைவிட முக்கியம், இந்தத் தொடர் அந்த இரண்டாம் பௌர்ணமிக் கணக்கைவிட மூத்தது. நிலா நீலம் என்று அவர்கள் சொன்னால் அதையும் நாம் நம்பியாக வேண்டும் என்று பாதிரிமாரைச் சாடும் ஆங்கிலச் செய்யுள் 1528-இலேயே அச்சாகிவிட்டது. அன்றைக்கு நீல நிலா என்றால் நடக்கவே நடக்காதது. 'எப்போதாவது' என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் பழக்கத்துக்கு வந்துவிட்டது. மாதத்தின் இரண்டாம் பௌர்ணமி என்ற விளக்கமோ 1946-இல் அமெரிக்காவின் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் நேர்ந்த பிழை. மெய்ன் மாநிலத்து விவசாயப் பஞ்சாங்கம், மூன்று மாதப் பருவம் ஒன்றில் நான்கு பௌர்ணமி வந்தால் மூன்றாவதைத்தான் ப்ளூ மூன் என்று குறித்துவந்தது. கட்டுரை எழுதியவர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். 1999-இல் அந்த இதழே பிழையை ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த விளக்கம் எங்கும் பரவிவிட்டது.

நடக்காதது என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாக இளகி அரியது என்று ஆவது நம் மொழியிலும் உண்டு. குதிரைக்கு ஏது கொம்பு? ஆனாலும் 'இந்த வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு' என்று சொல்லிக்கொண்டே வீடு தேடுகிறோம். வகுப்பில் இந்த ஒற்றுமையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் மாற்றச் சொல்லியிருப்பேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போன் வருகிறது என்றால் அது ஒரு வழக்கம். இந்தத் தொடரிலோ 'எப்போது என்று சொல்ல முடியாது' என்ற சாயல் இருக்கிறது, கொஞ்சம் மனக்குறையும் தொனிக்கும். பேச்சிலும் நண்பர்களுக்கு எழுதுவதிலும் தாராளமாக வரலாம். அலுவலகக் கடிதத்துக்கு 'ரேர்லி' போதும். அப்புறம், ஒரே ஒரு முறை நடந்து முடிந்ததற்கு, உதாரணமாகப் போன வருடம் நடந்த கல்யாணத்துக்கு, இதைச் சொல்ல முடியாது.

மாடிவீட்டுத் தொலைநோக்கி:
அன்று மாடியில் ஏமாந்த பிள்ளைக்காக ஒன்று சொல்கிறேன். நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்ததுண்டு. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபின் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். 1950 செப்டம்பரில் கனடாவின் காட்டுத்தீப் புகை அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், பிரிட்டனில் சூரியனும் நிலாவும் நீலமாகத் தெரிந்தன. புகையிலோ சாம்பலிலோ உள்ள துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவாக, சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். அப்போது சிவப்பு சிதறிவிடும், நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வந்து சேரும். பௌர்ணமியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

தென்காசி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன அமாவாசைக் கணக்கை அவளிடம் சொன்னதும் சிரித்துவிட்டாள். இரண்டாவது வாக்கியத்தை அவளே 'வீ நெவர் நோ வென்' என்று மாற்றி எழுதினாள். நாளைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியையிடம் பொறுமையாகப் பேசப்போகிறேன். புகையில் நீலமாகிற நிலாவைப் பற்றித்தான் இரவெல்லாம் கேள்வி கேட்டாள். தம்பிக்கும் இதையெல்லாம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் அவன் பார்க்கவில்லை.