டி-ஷர்ட்டுக்குக் காசு யார் கொடுத்தது?

மழைக்குருவி:
நேற்று வேறொரு இழையில் கணக்குப்பிள்ளை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க நடந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று வசூலிக்கிற பணம் டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும்தான் போகிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி. எங்கள் கல்லூரி வசூல் குழுவில் இருந்தவள் நான். உண்டியலைத் திறக்கும்போது மூன்று பேர் உட்காருவோம். ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் மறுபடி எண்ணுவார், மூன்றாமவர் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கசங்கிய நோட்டுகளை நீவி அடுக்கியே விரல் கறுத்துவிடும். அந்தப் பணத்தில் சல்லிக்காசு சட்டைக்குப் போகவில்லை. சட்டைச் செலவு ஸ்பான்சருடையது.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சி எல்லாம் சரி தங்கச்சி. என் கேள்வி ஒன்றுதான். ஸ்பான்சர் கொடுத்தது பணமா, சட்டையா? பணமாகக் கொடுத்து நீங்கள் சட்டை அடித்திருந்தால், அதுவும் நன்கொடைதான். நான் சொன்னதும் அதைத்தான்.

மழைக்குருவி:
முதலில் தங்கச்சி என்று கூப்பிடாதீர்கள். சட்டைக்கென்றே கொடுத்த பணம் அது. லோகோவுக்கு இடமில்லை என்றால் அவர்கள் எதுவுமே தந்திருக்க மாட்டார்கள்.

வாசல்திண்ணை:
ஒரு சட்டைக்கு இவ்வளவு சண்டையா? சிறுகாசு சேர்ந்து என்ன செய்யும் என்று பாருங்கள். சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைக் கொஞ்ச காலம் அடக்கிக் காட்டியது 1948ல். அதே ஆண்டு ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஜிம்மி என்ற பெயரில் ஒரு சிறுவனைப் பேசவைத்தார்கள். கேட்டவர்கள் அனுப்பியது 2 லட்சம் டாலருக்கு மேல். ஃபார்பரின் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்த ஜிம்மி நிதி அப்படித்தான் பிறந்தது.

கணக்குப்பிள்ளை:
ஜிம்மி நிதிக்கு டி-ஷர்ட் அடித்தார்களா? இல்லையே. அப்படியானால் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், நன்றி.

இரவல்குடை:
ஆராய்ச்சி என்று யார் எதைச் சொல்கிறீர்கள்? ஆய்வகத்துக்குப் போகிற பணமா, நோயாளிக்கான உதவியா, விழிப்புணர்வுப் பிரச்சாரமா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அது அப்புறம். டி-ஷர்ட்டுக்கு வவுச்சர் இருக்கிறதா?

மழைக்குருவி:
இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. உங்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும்? போன தடவை ரத்ததான முகாம் இழையில் இப்படித்தான் குற்றம் சொன்னீர்கள். ஆதாரம் கேட்டதும் ஆளையே காணோம்.

கணக்குப்பிள்ளை:
அன்றைக்கு நான் ஊரில் இல்லை. அதை மூன்று இடத்தில் சொல்லிவிட்டேன். பேச்சை மாற்ற வேண்டாம்.

மழைக்குருவி:
சரி, பெரிய ஆளையே எடுத்துக்கொள்வோம். டெர்ரி ஃபாக்ஸ். அவரும் கல்லூரி மாணவர்தான். எலும்புப் புற்றுநோயால் 1977ல் வலது காலை இழந்தவர். 1980ல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்கே கடக்கக் கிளம்பி, 143 நாளில் 5,373 மைல் ஓடினார். அவருக்கும் வேன் கொடுத்தது ஃபோர்டு, ஷூ கொடுத்தது அடிடாஸ், எரிபொருளும் ஒரு நிறுவனம். ஓடும்போது போட்டிருந்த சட்டையில் ஓட்டத்தின் பெயர்கூட அச்சாகியிருந்தது. அவரையும் திருடன் என்பீர்களா?

பழையபேனா:
மைல் இல்லை, கிலோமீட்டர். 5,373 கிலோமீட்டர். மைலில் 3,339தான் வரும்.

கணக்குப்பிள்ளை:
டெர்ரி ஃபாக்ஸை இழுத்தது நல்லதாகப் போயிற்று. அவருக்கு ஷூ வந்தது ஷூவாக, வேன் வந்தது வேனாக. எங்கள் பொருளுக்கு விளம்பரம் செய் என்றவர்களை அவர் திருப்பி அனுப்பினார். அவருடைய சட்டையில் இருந்தது அவருடைய ஓட்டத்தின் பெயரும் கனடா வரைபடமும். உங்கள் சட்டை முதுகில் எத்தனை லோகோ என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள். நுரையீரலுக்கு நோய் பரவி அவர் செப்டம்பர் 1 அன்று தண்டர் பே அருகே ஓட்டத்தை நிறுத்தினார். அடுத்த பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்துவிட்டது, அந்த நாட்டு மக்கள்தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர். எந்த லோகோவைப் பார்த்துக் கொடுத்தார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் நடத்துகிற ராத்திரி நடைக்கு மூலமே 1985ல் அமெரிக்காவின் டகோமாவில் கார்டன் கிளாட் என்ற குடல் அறுவை மருத்துவர் செய்ததுதான். ஒரு பல்கலைக்கழக மைதானத்தை ஒற்றை ஆளாக 24 மணி நேரம் சுற்றினார், 83 மைல். கூடவே அரை மணி நேரம் ஓடவோ நடக்கவோ நண்பர்கள் தலைக்கு 25 டாலர் கொடுத்தார்கள். சேர்ந்தது 27,000. மைதானமும் இரண்டு கால்களும்தான் முதலீடு. இப்போது மேடை, ஒலிபெருக்கி, டிரோன் கேமரா, அப்புறம் டி-ஷர்ட்.

மழைக்குருவி:
2.4 கோடி சேர்ந்தது டிவியில் காட்டியதால். டிவிக்காரர்கள் சும்மாவா வந்தார்கள்? விளம்பரம் இல்லாமல் யாருக்குத் தெரியும்? எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு முந்நூறு பேர் நடந்ததால்தான் வளாகத்தில் நின்று கேட்டார்கள், கேட்டவர்கள்தான் கொடுத்தார்கள். உங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து கணக்குக் கேட்டவர் யாரும் கொடுக்கவில்லை.

வாசல்திண்ணை:
விளம்பரம் என்றதும் ஞாபகம் வருகிறது. தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நன்கொடை திரட்டிய 2014 ஐஸ் பக்கெட் சவாலையும் இப்படித்தான் கேலி செய்தார்கள். அந்தப் பணம் உதவி செய்த ஆராய்ச்சியில்தான் 2016ல் நெக்1 மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது.

கணக்குப்பிள்ளை:
அது ஏஎல்எஸ், நரம்பு நோய். புற்றுநோயே இல்லை. தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

வாசல்திண்ணை:
பேச்சு வசூலைப் பற்றித்தானே ஐயா? நோயின் பெயரைக் கேட்டு மார்க் போடுகிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
ஐயா என்று சொல்லும் தொனியே சரியில்லை. மறுபடி கேட்கிறேன், யாரும் பதில் சொல்லவில்லை. மொத்த வசூல் எவ்வளவு, செலவு போக ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பியது எவ்வளவு, ஸ்பான்சர் பணம் இதில் எந்தப் பக்கம் எழுதப்பட்டது? வரவில் சேர்த்தால் செலவிலும் சட்டை வர வேண்டும். வரவில் சேர்க்கவில்லை என்றால், மேடையில் அறிவித்த தொகையில் அது எப்படி வந்தது?

மழைக்குருவி:
மேடையில் அறிவித்த தொகை உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வரவே இல்லையே.

கணக்குப்பிள்ளை:
வீடியோ பார்த்தேன். அரங்கமே கைதட்டியது.

இரவல்குடை:
நான் கேட்டது இன்னும் அப்படியே கிடக்கிறது.

பழையபேனா:
மைல் என்று எழுதியதை யாரும் திருத்தவில்லை. அதோடு, தினமும் ஒரு மாரத்தான் தூரம் என்பது அவருடைய இலக்கு. 143ஆல் வகுத்தால் சராசரி 37 கிலோமீட்டர் சொச்சம்தான் வரும்.

மழைக்குருவி:
ஒற்றைக் காலோடு ஓடியவருக்குச் சராசரி பார்க்கிறீர்களா? நல்லா இருங்க.

பழையபேனா:
குறைவு என்று நான் எங்கே சொன்னேன்? மைல் இல்லை என்றுதான் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, தூரத்தையே சரியாக எழுதத் தெரியாதவர்கள்தான் உண்டியலை எண்ணியிருக்கிறார்கள்.