கணையத்தை ஒட்டிய கட்டி: நுண்துளை அறுவை சிகிச்சையா, வயிற்றைத் திறந்து செய்வதா?

தூரிகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. மஞ்சள் காமாலை என்று மருத்துவமனைக்குப் போனவருக்கு, பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கும் வாயில் கட்டி இருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரியவந்தது. பயாப்சி புற்றுநோய் என்று உறுதி செய்துவிட்டது. கட்டி ரத்தக்குழாய் எதையும் தொடவில்லை என்றும், வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை என்றும் சி.டி. ஸ்கேன் அறிக்கை சொல்கிறது.

கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் சேர்த்து எடுக்கும் விப்பிள் அறுவை சிகிச்சை வேண்டும் என்பதில் நாங்கள் பார்த்த இரண்டு நிபுணர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர் லேப்ராஸ்கோப்பியில், அதாவது நுண்துளைகள் வழியாகச் செய்துவிடலாம், வலியும் குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார். மற்றவரோ இந்த இடத்துக் கட்டிக்கு வயிற்றைத் திறந்து செய்வதைத்தான் நம்புவதாகச் சொல்கிறார். துளை வழியாகச் செய்தால் கட்டி முழுவதும் வெளியே வந்துவிடுமா, அல்லது புற்று மிஞ்சிவிடுமா? தழும்பு சிறியது என்பதைத் தவிர உண்மையான லாபம் ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

நெய்தல்

நான் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைத் துறையில் பயிற்சியில் இருப்பவன். உங்கள் அம்மாவின் ஸ்கேனைப் பார்க்காமல் இதுதான் சரி என்று சொல்ல முடியாது. பொதுவாக அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெளியே துளையானாலும் வெட்டானாலும், உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றை ஒரே தொகுதியாக எடுத்துவிட்டு, மீதமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகிய மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும். நுண்துளை முறையிலும் எடுத்த தொகுதியை ஒரு பைக்குள் போட்டு, சில சென்டிமீட்டர் வெட்டின் வழியாக முழுதாகத்தான் வெளியே எடுக்கிறார்கள். ஆகவே துளை சிறியது என்பதால் கட்டி உள்ளே தங்கிவிடும் என்ற அச்சம் தேவையில்லை.

ஆபத்து இருப்பது இணைப்பில். உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற கட்டிகளில் கணையம் பெரும்பாலும் மிருதுவாகவே இருக்கும். அதன் நாளம் பல நேரங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். அந்த நாளத்தைக் குடலின் உள்வரியோடு தலைமுடி போன்ற நூலால் தைக்க வேண்டும். தையலை இறுக்கினால் கணையத் திசு கிழியும், தளர்த்தினால் கணையநீர் கசியும். கசிந்த நீர் அருகில் கட்டிவிடப்பட்ட தமனியின் முனையை அரித்தால், சில நாட்கள் கழித்துத் திடீரென ரத்தப்போக்கு ஏற்படலாம். இந்தத் தையலை நீண்ட கருவிகளால், திரையைப் பார்த்தபடி போடுவது மிகுந்த பழக்கம் கேட்கும் வேலை. திறந்து செய்யுங்கள் என்று சொல்பவர் பழமைவாதி அல்லர். அவருடைய கவலை இந்தத் தையலைப் பற்றியது.

நெதர்லாந்தில் நடந்த லெப்பர்டு-2 ஆய்வு இதற்குச் சான்று. 2019இல் வெளியான அந்த ஆய்வில் விப்பிள் செய்துகொண்டவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். 90 நாட்களுக்குள் சிக்கல்களால் இறந்தவர்கள் நுண்துளைப் பிரிவில் 50 பேரில் 5 பேர், திறந்த பிரிவில் 49 பேரில் ஒருவர். இந்த எண்ணிக்கை சிறியது என்பதால் புள்ளியியல்படி அது முடிவான வேறுபாடு ஆகாது. ஆயினும் பாதுகாப்பைக் கண்காணித்த குழுவின் பரிந்துரைப்படி ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் பங்கேற்ற அறுவை நிபுணர்கள் ஒவ்வொருவரும் முன்பே குறைந்தது 20 நுண்துளை விப்பிள் செய்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

குறிஞ்சி

நெய்தல் சொன்னது உண்மை, ஆனால் அது பாதிக் கதை. கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு குழுவினர் 64 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற கட்டிகளைப் பற்றியதுதான். அதில் நுண்துளைப் பிரிவினர் அறுவைக்குப் பின் மருத்துவமனையில் இருந்த நாட்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 7, திறந்த பிரிவினருக்கு 13. ரத்த இழப்பும் குறைவு. அறுவை நேரம் மட்டும் சற்று அதிகம். ஆனால் அது இம்முறையில் நெடுநாள் தேர்ந்த ஒரே மையத்தின் முடிவு என்பதை மறந்துவிடக் கூடாது.

சீனாவில் 14 மருத்துவமனைகளில் 656 பேரைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வு என் பார்வையில் இன்னும் பயனுள்ளது. அங்கே 104 நுண்துளை விப்பிளாவது செய்து முடித்தவர்களை மட்டுமே அறுவை செய்ய அனுமதித்தார்கள். 90 நாள் இறப்பு இரு பிரிவிலும் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் 15, 16 என்று ஒரே ஒரு நாள்தான் வேறுபட்டன. கைதேர்ந்தவர் செய்தால் ஆபத்து கூடுவதில்லை; கிடைக்கும் லாபமோ விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரியதும் இல்லை.

இன்னொன்று. கணையத்தின் வால்பகுதிக் கட்டிக்கு நுண்துளையில் செய்து விரைவில் தேறியவர்களைப் பற்றி உறவினர்கள் சொல்லக் கேட்டு ஒப்பிட்டுவிடாதீர்கள். அங்கே வெட்டி எடுத்தபின் எதையும் குடலோடு இணைக்க வேண்டியதில்லை. அதனால் அந்த அறுவைக்கு நுண்துளை முறை நன்றாகவே பொருந்துகிறது. லெப்பர்டு என்ற முதல் ஆய்வில் அவ்வகை நோயாளிகள் இயல்பான செயல்பாட்டு நிலைக்கு 4 நாட்களில் திரும்பினர், திறந்த முறையில் 6 நாட்கள். 2023இல் வெளியான டிப்ளோமா ஆய்வு, அங்குள்ள புற்றுநோய்க் கட்டிகளிலும் விளிம்பில் புற்று மிஞ்சாமல் எடுப்பதில் நுண்துளை முறை பின்தங்கவில்லை என்று காட்டியது. தலைப்பகுதி அப்படியல்ல.

வெண்பா

என் அப்பாவுக்கு விப்பிள் வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். மருத்துவர் அல்லாத ஒருவன் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வெட்டுக்காயத்தின் வலி எங்களைப் பெரிதாக வாட்டவில்லை. முதுகில் வைத்த எபிடியூரல் குழாய் அதைப் பார்த்துக்கொண்டது. எங்களைப் படுத்தியது இரைப்பை இயங்கத் தாமதித்ததுதான். மூக்குவழிக் குழாயை எடுத்த பிறகும் சாப்பிட்டால் வாந்தி வந்துகொண்டிருந்தது. வயிற்றிலிருந்து வரும் வடிகுழாயில் இறங்கும் நீர் என்ன நிறம் என்று தினமும் காலையில் பையைத் தூக்கிப் பார்ப்போம். அந்த நீரில் கணையநீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதியின் அளவைச் சோதித்த பிறகே குழாயை எடுத்தார்கள். இந்த இரண்டு தொல்லைகளும் துளை வழியாகச் செய்தாலும் வரக்கூடியவை என்று பிறகுதான் அறிந்தேன். அறுவைக்கு முன் எங்களிடம் பேசியவர்கள் தழும்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு இவற்றைப் பற்றிப் பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தூரிகை

மூவருக்கும் மிக்க நன்றி. துளை என்று சொல்பவரிடம் மறுபடியும் போகிறோம். எதைக் கேட்க வேண்டும்? பாதியில் திறக்க நேர்ந்தால் அம்மாவுக்குக் கூடுதல் ஆபத்தா?

நெய்தல்

குறிஞ்சி திருத்தியதை ஏற்கிறேன். கேட்க வேண்டியவை இவை: உங்கள் குழு ஆண்டுக்கு எத்தனை விப்பிள் செய்கிறது, அவற்றில் எத்தனை நுண்துளை முறையில், அவர்களில் எத்தனை பேருக்குக் கணையநீர் கசிந்தது, 90 நாட்களுக்குள் எத்தனை பேர் இறந்தனர். 30 நாள் கணக்கைச் சொன்னால் 90 நாள் கணக்கைக் கேளுங்கள், ஏனெனில் இந்த அறுவையின் சிக்கல்கள் தாமதமாகவும் உயிரைப் பறிக்கும். நள்ளிரவில் ரத்தம் கசிந்தால் ஊசிவழியே தமனியை அடைக்கக்கூடிய ரேடியாலஜி நிபுணர் அங்கேயே கிடைப்பாரா என்பதையும் கேளுங்கள். இதே கேள்விகளைத் திறந்து செய்பவரிடமும் கேட்பதே நியாயம். இந்தப் பதில்களைத் தயங்காமல் சொல்பவர் எந்த முறையைச் சொல்கிறாரோ அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பாதியில் திறப்பதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். கட்டி கல்லீரலுக்குப் போகும் பெருஞ்சிரையோடு ஒட்டியிருப்பது உள்ளே போன பிறகு தெரிந்தால், அமைதியாக வயிற்றைத் திறந்து தொடர்வது நல்ல தீர்மானம். ரத்தம் பீறிட்ட பிறகு அவசரமாகத் திறப்பதுதான் ஆபத்தானது. எப்போது திறக்க முடிவெடுப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கான ஒப்புதலும் சம்மதப் படிவத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.